கடல் கடந்து அரங்கேறிய அந்தாதி

ஏரிக் கரையுறையும் எங்கள்தாய் சேவடியே
பாரிற் பவமறுக்கும் பற்று.

தை மாதத்து வளர்பிறைப் பஞ்சமியும் உத்திரட்டாதியும் கூடிய இந்த வெள்ளிக்கிழமையில், நீராடி நீறணிந்து இதை எழுத அமர்ந்திருக்கிறேன். பாகூர் ஏரிக்கரையில் எழுந்தருளியிருக்கும் எங்கள் ஊர் அம்மனுக்குக் குடமுழுக்கு இனிதே நிறைவேறிவிட்டது. யாகசாலைப் பந்தலின் கீற்றுகளைப் பிரித்து வண்டியில் ஏற்றியாகிவிட்டது. மனத்தில் நெடுநாள் கிடந்த ஒரு சுமையும் அவற்றோடு இறங்கிப் போயிற்று. அது இறங்கக் காரணமாயிருந்த ஒரு நண்பரைப் பற்றி நாலு வார்த்தை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பெயர் சொன்னால் கூச்சப்படுவார். வில்லியனூர்ப் பக்கத்துக் கிறித்தவப் பங்கு ஊர் ஒன்றில், வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் என்றால் எல்லாருக்கும் தெரியும். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

உபதேசியாரை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது அவருடைய மூக்குதான். விமானத்தில் வெள்ளித் தாள் மூடிய உணவுத் தட்டு ஒன்றை என் முன் வைத்துவிட்டுப் போனார்கள். அது என்ன உணவென்று கேட்க எனக்கு மொழியும் இல்லை, துணிவும் இல்லை. அப்போது பக்கத்து இருக்கையிலிருந்து அந்த மூக்கு நீண்டு வந்து, தாளின் ஓரத்தைத் தூக்கி, ஒருமுறை ஆழ்ந்து முகர்ந்தது. “மீனு. தொடாதீங்க வாத்தியாரே, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லித் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். தம்முடைய ரொட்டியையும் பழத்தையும் என் பக்கம் தள்ளினார். “ஒங்க ஆசாரத்தால எனக்கு ரெண்டு பங்கு. இந்தப் பயணம் பூரா இப்பிடியே இருந்தா தேவல” என்று சிரித்தார். அந்தப் பயணம் முழுவதும் என் தட்டை முதலில் முகர்ந்து பார்த்தவர் அவரே.

நாங்கள் போனது ரெயூனியன் தீவுக்கு. பெருங்கடலின் நடுவே பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் அத்தீவில், முற்காலத்தில் நம் கரையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்றவர்களின் வழிவந்தோர் பல்லாயிரவர் வாழ்கிறார்கள். இங்குள்ள எழுத்தாளர் சிலரை அங்கும், அங்குள்ளோரை இங்கும் அனுப்பிப் பழகச் செய்யும் ஒரு பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டத்தில், பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற என்னையும் சேர்த்திருந்தார்கள். உபதேசியாரும் எழுதுகிறவர். தவக்காலத்தில் அவர்கள் ஊரில் ஆடும் இயேசுவின் பாடுகள் நாடகத்துக்கு விருத்தம் புனைந்து கொடுப்பது அவர்தான். கல்வாரி மலையில் தாய் அழும் இடத்துக்கு அவர் எழுதிய விருத்தங்களைக் கேட்டால், எச்சமயத்தவருக்கும் கண் கலங்கும். எங்கள் இருவருக்கும் ஒரே அறை ஒதுக்கப்பட்டது. நான் விடியலில் எழுந்து பதிகம் ஓதுவேன். அவர் செபமாலை சொல்வார். இரண்டு குரலும் ஒரே நேரத்தில் எழுந்து ஒன்றையொன்று தடுமாற வைத்ததைக் கண்டு, “நீங்க முடிச்சிடுங்க, அப்பறம் நான். மேல ரெண்டு பேருக்கும் ஒரே காது தான, கொழப்ப வேணாம்” என்று முறை வைத்துக்கொடுத்தார்.

எங்களுக்கு மொழிபெயர்க்க நியமிக்கப்பட்டவர் அத்தீவிலேயே பிறந்த இளம்பெண். புதுவைக்கு வந்து சில ஆண்டுகள் தங்கித் தமிழ் கற்றுச் சென்றவர். புத்தகத்திலிருந்து கற்ற தமிழாகையால், “தாங்கள் நன்கு உறங்கினீர்களா? சிற்றுண்டி அருந்தலாமா?” என்பார். உபதேசியார் முதல் நாளே என் காதில், “வாத்தியாரே, இந்தப் பொண்ணு அப்பிடியே ஒங்கள மாரியே பேசுது. ஒங்க ஊட்ல எப்பிடி இத்தினி வருசம் சமாளிச்சாங்களோ” என்றார்.

இனி என் சுமையைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குக் கடுஞ்சுரம் கண்டு நினைவு தப்பியது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த நான், எங்கள் ஊர் அம்மனிடம் ஒரு வார்த்தை கொடுத்தேன். ‘இவளை எனக்குத் திருப்பித் தா. உன்மேல் நூறு பாட்டில் ஓர் அந்தாதி பாடுவேன். மனிதச் செவி எதுவும் கேட்குமுன் உன் திருச்செவி அதைக் கேட்கும்.’ நம் வீடுகளில் சாமிக்குப் பறித்த பூவை யாரும் மோந்து பார்க்க மாட்டோம் அல்லவா? அப்படித்தான் அந்த வார்த்தையை நான் கொண்டிருந்தேன். மனைவி பிழைத்து வீடு திரும்பினாள். அந்தாதியும் மெல்ல மெல்ல வளர்ந்து முடிந்தது. ஆனால் அதற்குள் கோயிலில் திருப்பணி தொடங்கிவிட்டது. பாலாலயம் செய்து, கருவறைக் கல்லில் இருந்த அம்மனின் சாந்நித்தியத்தைக் கலச நீரில் இறக்கி, பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றியிருந்தார்கள். விழா எதுவும் குடமுழுக்குக்குப் பிறகே என்றார் குருக்கள். ஆகவே அந்த நூறு பாட்டையும் நான் வாய்விட்டுப் படிக்காமலே வைத்திருந்தேன். யாரைக் காக்க அவை பிறந்தனவோ, அவளுக்குக்கூட ஓர் அடியும் படித்துக் காட்டியதில்லை. அவள் உயிர் ஒரு நேர்த்திக்கடனில் நிற்கிறது என்று அவளிடமே எப்படிச் சொல்வது? அவளுக்கு ஒரு சிறு தலைவலி வந்தாலும், எங்கோ ஒரு சொல் வெளியே சிந்திவிட்டதோ என்று என் நெஞ்சு பதைக்கும்.

பயணத்துக்கு முன், ஏற்பாட்டாளர் ஒருவர் தொலைபேசியில், “இப்போது புதிதாக என்ன எழுதியிருக்கிறீர்கள் ஐயா?” என்று கேட்டார். பாட்டு எழுதுகிறவனிடம் இக்கேள்வியைக் கேட்டுவிட்டால் அவன் வாய் சும்மா இருக்குமா? “அம்மன்மேல் ஓர் அந்தாதி” என்றேன், பெருமையோடு. அச்சில் வந்த என் பழைய நூல்களிலிருந்து ஏதேனும் படிப்பேன் என்று எண்ணியே விமானம் ஏறினேன். தீவில் இறங்கியதும் மொழிபெயர்ப்பாளர் மலர்ந்த முகத்தோடு சொன்னார்: “தாங்கள் இயற்றிய புதிய அந்தாதியைக் கேட்க மக்கள் ஆவலுடன் காத்திருக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை நூலக மண்டபத்தில் மேடை அமைத்துள்ளோம். மலைச்சரிவு ஊர்களிலிருந்தும் பலர் வருகின்றனர்.” இல்லையென்று சொன்னால் விருந்தழைத்தவர் முகத்தில் அடித்ததாகும். ஆமென்று சொன்னால் அம்மனுக்குக் கொடுத்த வார்த்தை போகும். அதோடு வேறு எது போகுமோ என்று நினைக்கவும் அஞ்சினேன்.

அடுத்த நாட்களில் எரிமலை காட்டினார்கள், அருவி காட்டினார்கள், எழுத்தாளர் கூட்டங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். நான் எதையும் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒருநாள் நண்பகல் உணவில் சோறும் பருப்பும் முருங்கைக்கீரையும் வைத்தார்கள். கீரையின் பெயரை அவர்கள் ‘மூரும்’ என்று சொன்னபோது மேசையே மகிழ்ந்தது. நான் மட்டும் தலை குனிந்திருந்தேன். சனிக்கிழமை மாலை, அறைக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்க, உபதேசியார் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னா வாத்தியாரே ஆச்சு? சோறு எறங்கல. பதிகமும் பாதியில நிக்கிது. ஒடம்பு சரியில்லியா?”

சொல்லிவிட்டேன். தாழ்வாரத்தில் கொடுத்த வார்த்தை தொடங்கி மேடை வரை எல்லாவற்றையும் சொன்னேன். வேறு சமயத்தார், இதைப் பெரிதாக எண்ணமாட்டார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் இறுகிப் போயிற்று.

“நேந்துக்கினத மாத்தக் கூடாது. எங்காளுங்களும் வேளாங்கண்ணிக்கு நேந்துக்கினா நடந்தேதான் போவாங்க, பஸ்ஸு காலியா நின்னாலும்” என்றவர், சற்று யோசித்துவிட்டு, “அம்மாவுக்கு போன் போடுங்க. அவங்க உசுரு சமாச்சாரம், அவங்களுக்கே தெரியாம நாம ரெண்டு கெழவனுங்க பேசிக்கினு இருக்கறது நாயமில்ல” என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. உடனே அழைத்தேன். “இன்னாங்க, சாப்ட்டீங்களா? அங்க மழ சத்தம் கேக்குதே” என்றாள். மெல்ல மெல்லச் சொல்லி முடித்தேன். “அப்போ, இத்தினி வருசமா நான் தும்முனா கூட ஓடியாந்து நெத்தியத் தொட்டுப் பாத்தது இதுக்குத்தானா? நான் வேற, வயசான காலத்துல மனுசனுக்குப் பாசம் ஜாஸ்தியாயிட்டுது போலன்னு பக்கத்தூட்ல எல்லாம் பீத்திக்கினு இருந்தேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. “இப்போ என்ன செய்வது?” என்றேன்.

“இங்க மட்டும் அவ கல்லுலயா இருக்கறா? பலகையில தான இருக்கறா. குருக்கள் மந்திரம் சொன்னதும் கல்ல வுட்டு எறங்கி பலகைக்கு வந்தவ, நீங்க நூறு பாட்டு பாடிக் கூப்ட்டா அங்க வரமாட்டாளா? எனுக்கு ஒன்னும் ஆவாது. ஆனா ஒன்னு. நாக்காலி போட்ட எடத்துல, கைதட்டறவங்களுக்காகப் பாடாதீங்க. வெளக்கு எரியற எடமாப் பாத்து மொதல்ல பாடுங்க.”

தொலைபேசியை வைத்தபோது பாதிச் சுமை இறங்கியிருந்தது. மறுபாதி அப்படியே நின்றது. விளக்கு எரியும் இடத்துக்கு நான் எங்கே போவேன்? விருந்தினனாக வந்தவன், ‘உங்கள் மண்டபம் வேண்டாம்’ என்று எந்த முகத்தோடு சொல்வது? உபதேசியார், “காலையில பூசைக்குப் போறேன். அங்க நாலு பேரப் பாப்பேன். எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்தவரு, அவர்கிட்டக் கத்துக்கின பிரெஞ்சு கொஞ்சம் இருக்குது. துரு புடிச்சிருந்தாலும் பொட்டிக்குத் தாப்பா ஆவும். நீங்க குளிச்சிட்டு ரெடியா இருங்க” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை நான் சாளரத்தருகே நின்றிருந்தேன். மாதா கோயிலிலிருந்து வரும் பாதையில் உபதேசியார் வந்துகொண்டிருந்தார். அவரோடு கறுத்து மெலிந்த ஒரு முதியவர் வந்தார். அவர் இடையில் மஞ்சள் வேட்டி, தோளில் மஞ்சள் துண்டு, நெற்றியில் நீறு. மாதா கோயிலிலிருந்து ஏன் இந்தக் கோலத்தில் ஒருவர் வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பின்னால் மொழிபெயர்ப்பாளர் குடையோடு விரைந்து வந்தார்.

“இவருதான் இங்க அம்மன் கோயில் பூசாரி” என்றார் உபதேசியார். “காலையில எங்க கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு, அப்பறம் போயி அங்க வெளக்கு ஏத்துவாராம். இங்க பாதி ஊரு அப்பிடித்தானாம். நான் வெவரத்தச் சொன்னதும் மனுசன் எங்கையப் புடிச்சிக்கினு அழுவறாரு.”

பூசாரி என் கைகளைப் பற்றிக்கொண்டு அவர்கள் மொழியில் வேகமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் தம் புத்தகத் தமிழில் அதைச் சொன்னார்: “‘தாய்நாட்டிலிருந்து அன்னைக்கு ஒரு புதிய பாடல் வருகின்றது என்று கேள்வியுற்ற நாள் முதல் நாங்கள் மஞ்சள் உடுத்தி விரதம் பூண்டுள்ளோம். ஆனால் அன்னை கேளாத பாடலை மண்டபத்தில் அமர்ந்து நாங்கள் எவ்வாறு முதலில் கேட்பது என்று அஞ்சினோம். தாங்கள் பெரிய புலவர். மேடையில் பாடுவதே தங்கள் நாட்டு வழக்கம் போலும் என்று எண்ணி வாய் திறவாது இருந்தோம்’ என்று கூறுகின்றார்.”

நான் பூசாரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கடலின் இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே அச்சத்தை வைத்துக்கொண்டு, மற்றவர் மனம் நோகக் கூடாதென்று இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

“நல்லாருக்குது” என்றார் உபதேசியார். “ஒருத்தருக்கொருத்தர் மரியாத பண்ணிப் பண்ணியே ரெண்டு பேருமா அம்மாவ வெளிய நிக்க வெச்சிட்டீங்க.”

அதற்குப் பிறகு எல்லாம் விரைந்து நடந்தன. நூலகத்தாரிடம் மொழிபெயர்ப்பாளர் பேசினார். அவர்களும் இசைந்து உடன் வந்தார்கள். கரும்புத் தோட்டத்தின் நடுவே, செந்நிறச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட சிறு கோயில். உள்ளே எண்ணெய் படிந்து கறுத்த சிறிய கற்சிலை. அதன் முன் அணையாத ஒரு விளக்கு. மக்கள் மஞ்சள் உடையில் தரையில் நிறைந்திருந்தார்கள். நடுவில் எனக்கு ஒரு பாய் விரித்திருந்தது. வழக்கம்போல் நான் கூட்டத்தைப் பார்த்து அமரப் போனேன். பூசாரி என் தோளை மெல்லப் பற்றித் திருப்பி, அம்மனை நோக்கி உட்கார வைத்தார். என் முதுகு மக்களை நோக்கி இருந்தது. அவர்கள் அனைவரும் எனக்குப் பின்னால், நான் யாரைப் பார்த்தேனோ அவளையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள்.

பாடினேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சில பாட்டுகள் போனதும் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ, அதே சொல்லில் அடுத்தது பிறப்பதை அவர்கள் காது பிடித்துக்கொண்டுவிட்டது. நான் ஒரு பாட்டை முடித்து மூச்சு வாங்குமுன், அந்தக் கடைசிச் சொல்லை அவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு எடுத்துக் கொடுத்தார்கள். பொருள் தெரியாத வாய்களிலிருந்து ‘அருளே’ என்றும் ‘துணையே’ என்றும் சொற்கள் எழுந்து, என் தோளுக்கு மேலாகச் சென்று அவள்முன் விழுந்தன. நூறாவது பாட்டு முதற்பாட்டின் தொடக்கத்தைத் தொட்டு நின்றபோது யாரும் கை தட்டவில்லை. பூசாரி கற்பூரம் ஏற்றினார். என் நெஞ்சிலிருந்த அச்சம் எப்போது போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், அது அங்கே இல்லை.

உபதேசியார் வாசற்படிக்கு வெளியே, கூரையின் கீழ், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வெளியே வந்ததும், “நான் பாட்டு கேக்க வந்தேன், சாமி கும்புட வரல. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். பிறகு, “ஆனா அந்த ஜொரத்தப் பத்தி ஒரு பாட்டு வந்துச்சே, அதுல மட்டும் எனுக்குத் தெரிஞ்ச எல்லாரையும் வேண்டிக்கினேன்” என்றார். என் கண் நிறைந்திருந்ததை அவர் பார்க்காதவர்போல் பாதையின் கரும்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஊர் திரும்பினோம். திருப்பணி முடியக் காலம் பிடித்தது. உபதேசியாருக்கு இதற்குள் முழங்கால் தளர்ந்து, கோல் ஊன்றி நடக்கிறார். என் மனைவி நலமாக இருக்கிறாள். குடமுழுக்கன்று மாலை எங்கள் கோயில் மண்டபத்தில் அந்தாதியைப் பாடினேன், கருவறையை நோக்கி அமர்ந்து. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிது. “இன்னாபா, வாத்தியாரு முதுகக் காட்டிக்கினு பாடறாரு” என்று யாரோ குறைப்பட்டார்கள். கூட்டத்திலிருந்து உபதேசியாரின் குரல் எழுந்தது: “அவரு ஒனக்கா பாடறாரு? ஒட்டுக் கேக்க வந்தவனுக்கு மூஞ்சி வேற காட்டணுமா? கம்முனு குந்து.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி, “மைக்கு சரியில்ல, எனுக்கு ஒன்னும் கேக்கல. எம்பக்கம் திரும்பி உக்காந்து ஒருவாட்டி படிங்க” என்றாள். கூடத்தில் விளக்கின் அருகே அவளுக்கு எதிரில் அமர்ந்து முதலிலிருந்து படித்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நடுவே, மருத்துவமனைத் தாழ்வாரத்தைச் சொல்லும் பாட்டு வந்தபோது அவள் கை நின்றது.

“எனுக்கு அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?”

“இருந்தது.”

“எனுக்கு ஒன்னுமே ஞாபகமில்ல” என்றாள் அவள். பிறகு, “நல்ல வேள” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஈர்க்கை எடுத்து உருவத் தொடங்கினாள். நான் அடுத்த பாட்டைத் தொடர்ந்தேன்.

இதைப் படிக்கும் அன்பர் அனைவர் இல்லத்திலும் சுரமும் துயரும் அணுகாதிருக்கட்டும். கொடுத்த வார்த்தை நிறைவேற நல்வழி திறக்கட்டும். வேற்றூரிலும் தட்டை முகர்ந்து பார்த்துத் தரும் ஒரு நட்பு உங்கள் அருகில் அமரட்டும். ஏரிக்கரை அம்மை எல்லாரையும் காத்தருள்க.